இரண்டு ஈஎல்84, ஒரு ஈசிசி83: புஷ்-புல் ஆம்ப் கட்ட எதிலிருந்து தொடங்குவது?

ஜூன் 2. மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

வணக்கம் சார். பழைய ரேடியோகிராம் இரண்டைப் பிரித்ததில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஈஎல்84 இரண்டும், சிறு சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 (ஒரே குப்பிக்குள் இரண்டு வால்வு) ஒன்றும் கிடைத்தன. இரண்டு பவர் வால்வும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப்ளிபையர் கட்ட ஆசை. சர்க்யூட் தேடினால் கொட்டிக் கிடக்கிறது, எதை எடுப்பது? வால்வு கைக்கு வந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது என்கிறான் நண்பன். வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்க ரேடியோகிராமில் இருந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரையே போட்டுக்கொள்ளலாமா?

ஜூன் 2, இரவு

முக்கால் வேலை முடியவில்லை தம்பி, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வால்வு ஆம்ப் கட்டுகிறவன் முதலில் வால்வைத் தேடுகிறான், அப்புறம் சர்க்யூட்டைத் தேடுகிறான், கடைசியாக டிரான்ஸ்பார்மருக்கு அலைகிறான். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். நல்ல அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கையில் இருந்தால் சுமாரான வால்வும் பாடும்.

ரேடியோகிராம் டிரான்ஸ்பார்மர் உதவாது. அது ஒற்றை வால்வுக்காகச் சுற்றியது. நடு முனை இருக்காது. தகட்டைப் பிரித்துப் பார், ஈ தகடெல்லாம் ஒரு பக்கம், ஐ தகடெல்லாம் எதிர்ப்பக்கம், நடுவே ஒரு காகிதத் துண்டு. ஒற்றை வால்வில் டிசி கரண்ட் எப்போதும் ஒரே திசையில் ஓடும், இரும்பு அதில் நிறைந்துபோகாமல் இருக்கத்தான் அந்தக் காகித இடைவெளி. புஷ்-புல்லில் ஹெச்.டி. (வால்வுக்குக் கொடுக்கும் உயர் டிசி வோல்ட்டேஜ்) நடு முனையில் நுழைந்து இரண்டு வால்வின் பிளேட்டுக்கும் (அவுட்புட் முனை) எதிரெதிராகப் பிரிந்து போகிறது, இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் இடைவெளி வேண்டாம், தகட்டை மாற்றி மாற்றிச் செருகலாம், அதே இரும்பில் இன்டக்டன்ஸ் பல மடங்கு கூடும். இரட்டைப்படை ஹார்மோனிக் (சிக்னலோடு கலக்கும் மடங்கு அதிர்வெண் பிசிறு) அவுட்புட்டில் அடிபட்டுப் போகும், ஹெச்.டி.யில் மிச்சமிருக்கும் ஹம்மும் (மெயின்ஸ் உறுமல்) பெரும்பாலும் போகும். மூன்றாவது ஹார்மோனிக் மட்டும் போகாது, அதற்கு பீட்பேக்தான் (அவுட்புட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டுப் பிழையைக் குறைப்பது) வழி.

ஜூன் 3

சர்க்யூட் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஈஎல்84 என்றாலே எல்லாரும் முல்லார்டு வால்வு கம்பெனியின் 5-10 சர்க்யூட் பக்கம் போவார்கள்: முதலில் பெருக்குவதற்கு ஈஎஃப்86 வால்வு, பிறகு ஈசிசி83-இல் ஃபேஸ் பிரிப்பு (ஒரே சிக்னலை எதிரெதிரான இரண்டாக்குவது), கடைசியில் ஈஎல்84 ஜோடி, 10 வாட். அருமையான அமைப்புதான், ஆனால் ஈஎஃப்86 உன்னிடம் இல்லை. அதோடு அந்தச் சர்க்யூட்டில் இருக்கும் அளவு பீட்பேக்கை வீட்டில் சுற்றிய டிரான்ஸ்பார்மர் தாங்காது, ஆம்ப் தானாகவே ஆடி ஊளையிடத் தொடங்கிவிடும்.

இருக்கிற மூன்று வால்வு போதும். ஈசிசி83-இன் ஒரு பாதி பெருக்கட்டும், மறுபாதி கேத்தோடைன் வகையில் ஃபேஸ் பிரிக்கட்டும், அதாவது பிளேட்டிலும் கேத்தோடிலும் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) ஒரே மதிப்பு ரெசிஸ்டர் போட்டு இரண்டிலிருந்தும் சிக்னல் எடுப்பது. கணக்கு இப்படி: முதல் பாதி ஏறக்குறைய 60 மடங்கு தரும், பிரிக்கிற பாதி ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஈஎல்84 கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) 250 வோல்ட் ஹெச்.டி.யில் ஆளுக்கு 8 வோல்ட் வேண்டும். பீட்பேக் இல்லாமல் 0.14 வோல்ட் உள்ளே போனால் முழுச் சத்தம். 12 டெசிபெல் பீட்பேக் கொடுத்தால் 0.56 வோல்ட். கைபேசி அதைத் தந்துவிடும்.

ஜூன் 5

சர்க்யூட்டை விட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை: உங்கள் வீட்டு பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது?

வெளிநாட்டுப் பக்கங்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது, அங்கே மின்சாரம் சொன்ன அளவில் வரும். நான் இருப்பது குத்தாலம் பக்கத்துக் கிராமம். குறுவைக்கு போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் 190-க்கு இறங்கும். நள்ளிரவில் பம்ப்செட் எல்லாம் நின்ற பிறகு 253 வரைக்கும் பார்த்திருக்கிறேன். 230-க்கு 6.3 வோல்ட் தரும் ஹீட்டர் சுற்று 190-இல் 5.2 தரும், 253-இல் 6.9 தரும். ஒன்றில் கேத்தோடு சரியாகச் சூடேறாது, இன்னொன்றில் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். பத்து சதவீதம் ஏறி இறங்கினால் தாங்கும், அதற்கு மேல் வால்வின் ஆயுளோடு விளையாடுகிறோம்.

ஹெச்.டி.க்கும் இதே கதிதான். ஈஎல்84 ஜோடிக்கு டேட்டாவில் இரண்டு நிலை உண்டு. 250 வோல்ட்டில் 11 வாட், 300 வோல்ட்டில் 17 வாட், இரண்டுக்கும் பிளேட்டுக்குப் பிளேட் 8,000 ஓம், பொதுக் கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம். 17-ஐப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். ஆனால் 300-இல் சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு வால்வும் 36 மில்லியாம்ப் இழுக்கிறது, பிளேட்டில் 10 வாட்டுக்கு மேல் வெப்பம். வரம்பு 12 வாட். மெயின்ஸ் 253 ஆனால் ஹெச்.டி. 330 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். 250-க்கு வடிவமைத்தால் அதே இரவில் 275-இல் நிற்கும், வால்வு பிழைக்கும். 11 வாட்டுக்கும் 17 வாட்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபெல்கூட இல்லை, காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆகவே டெல்டாவில் 250 வோல்ட், அதற்கு மேல் போகாதீர்கள்.

ஸ்டெபிலைசர் போடலாமே என்றால், போடலாம். ரிலே ஒவ்வொரு முறை மாறும்போதும் டக்கென்று ஸ்பீக்கரில் கேட்கும், பரவாயில்லை என்றால் போடுங்கள்.

ஜூன் 5, பின்னிரவு

இன்வெர்ட்டரை மறந்துவிட்டேன். விலை மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் மீட்டர் 230 காட்டும், ஆனால் உச்ச வோல்ட்டேஜ் சைன் அலையை விடக் குறைவு. கெப்பாசிட்டர் உச்சத்துக்குத்தான் ஏறும். அதனால் ஹீட்டர் சரியாக எரிந்தும் ஹெச்.டி. இறங்கிப்போய்ச் சத்தம் சோர்ந்துவிடும். வால்வு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கரண்ட் வந்ததும் சரியாகிவிடும். டிரான்ஸ்பார்மர் உறுமுவதும் அந்தச் சதுர அலையால்தான்.

ஜூன் 6

"230-ஐ நேராக டையோடு வைத்து டிசி ஆக்கினால் 320 வோல்ட் வருகிறதே, பவர் டிரான்ஸ்பார்மர் எதற்கு?" என்று ஒருவர்.

செய்யாதீர்கள். பழைய ஏசி-டிசி ரேடியோக்களில் அப்படித்தான் இருந்தது, சாசியே (பாகங்களைப் பொருத்தும் உலோகத் தளம்) மெயின்ஸ் லைனோடு சேர்ந்திருக்கும், அதனால்தான் மரப்பெட்டிக்குள் அடைத்து, குமிழ் திருகாணியைக்கூட மெழுகால் மூடினார்கள். உங்கள் ஆம்ப்பில் கைபேசி ஒயர் செருகப் போகிறீர்கள், அதன் மறுமுனை கையில் இருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் போதும், மெயின்ஸ் கைக்கு வந்துவிடும். இதில் விவாதம் கிடையாது.

பவர் டிரான்ஸ்பார்மருக்கு அளவு: 200 வோல்ட், 150 மில்லியாம்ப் ஒரு சுற்று, பிரிட்ஜ் டையோடு. 6.3 வோல்ட், இரண்டரை ஆம்ப் ஒரு சுற்று (இரண்டு ஈஎல்84-க்கும் 0.76 ஆம்ப் வீதம், ஈசிசி83-க்கு 0.3). டையோடு என்பதால் வால்வு சூடேறும் முன்பே ஹெச்.டி. முழுசாக ஏறி நிற்கும், 450 வோல்ட் கெப்பாசிட்டரே வாங்குங்கள். அதன் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று கண்டிப்பாக. அது இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 250 வோல்ட் காத்திருக்கும். ரெசிஸ்டர் போட்டாலும் ஒரு நிமிஷம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஜூன் 9

அவுட்புட் டிரான்ஸ்பார்மர். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

8,000 ஓமை 8 ஓமாக்க வேண்டும். விகிதம் 1,000, சுற்று விகிதம் அதன் வர்க்கமூலம், 31.6. 8,000 ஓமில் 10 வாட் என்றால் பிரைமரியில் (வால்வு பக்கச் சுற்று) 283 வோல்ட். நடுக்கால் 1 அங்குலம், அடுக்கு ஒன்றரை அங்குலம் உள்ள தகடு எடுத்தால் நிகரப் பரப்பு 9 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 30 ஹெர்ட்ஸில் இரும்பின் காந்தம் 1 டெஸ்லாவுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால் 2,400 சுற்று. நடு முனைக்கு இருபுறமும் 1,200. செகண்டரி (ஸ்பீக்கர் பக்கம்) 76 சுற்று.

கம்பிக்கு எங்கேயும் போக வேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேட்டால் தடித்த கம்பிதான் இருக்கும், சீலிங் ஃபேன் கட்டுகிற கடைக்குப் போங்கள். ஃபேனுக்குப் போடும் 36 கேஜ் எனாமல் கம்பி, 0.19 மி.மீ., நமக்குச் சரியான அளவு. ஒரு பாதி ஏறக்குறைய 130 ஓம் வரும். எங்கள் ஊர்க் கடைக்காரர் "இது எந்த ஃபேனுக்கு அண்ணே?" என்று கேட்டார், பாட்டுப் பெட்டிக்கு என்றேன், பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். தகடு பழைய இரும்புக் கடையில், எரிந்துபோன ஸ்டெபிலைசரிலிருந்து. துரு ஏறியதை எடுக்காதீர்கள்.

சுற்றும் வரிசைதான் உயிர். முழுப் பிரைமரியையும் அடியில் சுற்றிவிட்டு மேலே செகண்டரியைச் சுற்றினால் லீக்கேஜ் இன்டக்டன்ஸ் ஏறிவிடும், மேல் ஸ்வரங்கள் மங்கும், பீட்பேக் கொடுத்தால் கத்தும். இரண்டு பிரைமரிப் பாதிகளையும் துண்டு துண்டாகப் பிரித்து, இடையிடையே செகண்டரி அடுக்கை வையுங்கள். அடியில் இருக்கும் அடுக்கின் சுற்று நீளம் குறைவு, மேலே அதிகம். அதனால் ஒரு பாதியை முழுசாக அடியிலும் மற்றதை மேலேயும் வைத்தால் இரண்டின் ரெசிஸ்டன்ஸும் சமமாக வராது. முதல் பாதியின் ஒரு துண்டு அடியில், ஒரு துண்டு மேலே, இரண்டாம் பாதி நடுவில் என்று போட்டால் சமாளிக்கலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதம், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே லெதராய்டு (தடித்த இன்சுலேஷன் காகிதம்). முடித்ததும் வார்னிஷில் முக்கிச் சூட்டில் காய வைக்க வேண்டும், இங்கே ஐப்பசி ஈரத்துக்கு வார்னிஷ் இல்லாத காயில் நிற்காது.

சோதனை: சீரீஸ் பல்பு வழியாகப் பிரைமரி முழுவதற்கும் மெயின்ஸ் கொடுத்து, பிரைமரியில் எவ்வளவு, செகண்டரியில் எவ்வளவு என்று அளந்து வகுத்துப் பாருங்கள். 230-க்கு 7.3 வந்தால் சரி. பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ சுற்று ஷார்ட். இதைத் தலைகீழாக, ஹீட்டரின் 6.3 வோல்ட்டை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் மறுபக்கம் 199 வோல்ட் நிற்கும் என்பது நினைவிருக்கட்டும்.

ஜூன் 10

கும்பகோணத்தில் மைக்செட் வைத்திருக்கும் நண்பர் ஒன்று சொல்லியிருக்கிறார், நேற்று நான் எழுதிய அத்தனையையும் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. 100 வோல்ட் லைனில் (மைக்செட்டில் தூரத்துக்கு ஒயர் இழுக்கும் முறை) குழாய் ஸ்பீக்கருக்குப் போடும் மேட்சிங் டிரான்ஸ்பார்மரையே அவுட்புட்டாகப் போடலாமே என்கிறார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 வோல்ட் லைனில் 1.25 வாட் முனை என்றால் 8,000 ஓம். 5 வாட் முனை 2,000 ஓம். ஓம் நாலில் ஒன்று என்றால் சுற்று சரிபாதி. அதாவது பொது முனையிலிருந்து 1.25 வரை எடுத்தால் நமக்கு வேண்டிய 8,000 ஓம், 5 வாட் முனை சரியாக நடுவில்! ஹெச்.டி.யை அங்கே கொடுத்தால் புஷ்-புல் டிரான்ஸ்பார்மர் ரெடி. மைக்செட் கடை இல்லாத தெரு நம் பக்கம் கிடையாது, கேட்டால் பழசு ஒன்று சும்மாவே தருவார்கள்.

ஜூன் 14

போட்டுப் பார்த்தேன், பாடுகிறது. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. அந்தச் சுற்று 100 வோல்ட்டுக்காகச் செய்தது, நாம் 10 வாட்டில் 283 வோல்ட் கொடுக்கிறோம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 50 ஹெர்ட்ஸில் முழு 100 வோல்ட் தாங்கும் இரும்பு என்றால், முழு 10 வாட்டை 140 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் சுத்தமாகத் தரும். வயலினும் வாய்ப்பாட்டும் நன்றாக இருந்தன. தவிலின் தொப்பிப் பக்கம் விழுந்ததும் உளறியது. மெதுவாக வைத்தால் தெரியவில்லை.

பெரிய வாட் டிரான்ஸ்பார்மராக வாங்குவது நல்லது. மன்னார்குடித் தம்பி, நீ முதலில் இதை வைத்து ஆம்ப்பை ஓடவிடு, ஃபேன் கடைக்குப் பிறகு போகலாம்.

ஜூன் 15

"வால்வு சத்தம் ஏன் இனிமை?" என்று ஒரு கேள்வி. ராத்திரி பதினொரு மணிக்கு இருட்டில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதே, பாதி அதனால்தான்.

ஜூன் 19

தவில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே சோதனைக்கு நாம் போடுவது நாயனமும் தவிலும்தான், வெளியூர்க்காரர்கள் பியானோவும் பேஸ் கிட்டாரும் போட்டு எழுதியதை நம்பி அப்படியே கட்டினால் ஒத்துவராது.

விரலில் கூடு மாட்டி அடிக்கிற வலந்தலை அடி திடீரென்று உச்சத்துக்குப் போகும். சராசரிச் சத்தம் 1 வாட்தான் இருக்கும், அந்தக் கணத்தில் 10 வாட் போதாது. அப்போது ஈஎல்84 கிரிட் பாசிட்டிவ் பக்கம் போய்க் கரண்ட் இழுக்கும், முந்தைய வால்வின் சிக்னலைக் கிரிட்டுக்குக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டர் அதில் சார்ஜ் ஆகிவிடும். அடி முடிந்த பிறகு அந்தச் சார்ஜ் கிரிட்டை நெகட்டிவில் பிடித்து வைக்கும். இரண்டு வால்வும் ஏறக்குறைய அணைந்த நிலையில் கிடக்கும், அந்த நேரத்தில் வரும் நாயனம் கரகரவென்று கிழிந்து கேட்கும்.

எவ்வளவு நேரம் என்பது கெப்பாசிட்டரும் கிரிட் ரெசிஸ்டரும் முடிவு செய்வது. பேஸ் வேண்டும் என்று 0.22 மைக்ரோவும் 470 கிலோ ஓமும் போட்டால் நூறு மில்லிசெகண்டுக்கு மேல். வேகமான கோர்வையில் அடுத்த அடி அதற்குள் விழுந்துவிடும், ஆம்ப் மீளவே மீளாது. 0.047 மைக்ரோவும் 330 கிலோவும் போட்டால் 15 மில்லிசெகண்ட்தான், கீழ்வெட்டு 10 ஹெர்ட்ஸ், ஒன்றும் குறைவதில்லை. கிரிட்டில் வரிசையாக 10 கிலோ ஓம் ஒன்றும் போடுங்கள். கேத்தோடைன் பிரிப்புக்கு இது இன்னும் அவசியம், கிரிட் கரண்ட் இழுக்கும்போது அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

பெரிய கெப்பாசிட்டர் என்றால் நல்ல பேஸ் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். காதால் கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

ஜூன் 20

கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே போடும் பைபாஸ் கெப்பாசிட்டரும் இதே வேலையைச் செய்யும். 130 ஓமுக்கு 470 மைக்ரோ, 60 மில்லிசெகண்ட். தொடர்ந்து ஓங்கி அடித்தால் கேத்தோடு வோல்ட்டேஜ் ஏறி பயஸ் (கிரிட்டை நெகட்டிவில் வைக்கும் வோல்ட்டேஜ்) குளிர்ந்துபோகும், அதாவது வால்வின் கரண்ட் குறையும். கேத்தோடு ரெசிஸ்டர் இல்லாமல் தனி நெகட்டிவ் வோல்ட்டேஜ் கொடுக்கும் ஃபிக்சட் பயஸ் போட்டால் இது இல்லை. ஆனால் மெயின்ஸ் இப்படி ஆடுகிற இடத்தில் எனக்கு ஃபிக்சட் பயஸ் மேல் நம்பிக்கை கிடையாது.

ஜூன் 24

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர் மறுத்திருக்கிறார்: "பயஸை அதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதானே எடுக்கிறோம் தம்பி, மெயின்ஸ் ஏறினால் ஹெச்.டி.யோடு சேர்ந்து பயஸும் ஏறும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்."

ஐயா சொல்வது நியாயம். ஜெனர் டையோடு வைத்து பயஸை மட்டும் நிலைநிறுத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து, ஹெச்.டி. ஏறும், பயஸ் அங்கேயே நிற்கும். நான் அந்த வகையைத்தான் மனதில் வைத்திருந்தேன். இருந்தாலும் முதல் ஆம்ப்புக்குக் கேத்தோடு பயஸே போதும். அதுவும் ஜோடி சேராத பழைய வால்வு என்றால் 130-ஐப் பொதுவாகப் போடாமல் ஆளுக்கு 270 ஓம், ஆளுக்கு ஒரு பைபாஸ். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 9 வோல்ட் சுமாராக வர வேண்டும். ஒன்றில் 7, ஒன்றில் 11 என்றால் வால்வை மாற்றுங்கள். இடைவெளி இல்லாத இரும்பு, டிசி வித்தியாசத்தைப் பொறுக்காது, பேஸ் முதலில் கெடும்.

பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு ஜோடி அவரிடம் இருக்கிறதாம். விலைக்கா என்று கேட்டேன், பதில் இல்லை.

ஜூலை 3

தம்பி ஆம்ப் கட்டிவிட்டான். பீட்பேக் இல்லாமல் பாடியதாம், பீட்பேக் ஒயரை வைத்ததும் ஊளையிட்டதாம், எதை எரித்தேன் என்று பயந்து கேட்டிருக்கிறான். ஒன்றும் எரியவில்லை. ஃபேஸ் தலைகீழ், நெகட்டிவாக இருக்க வேண்டிய பீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிட்டது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பிளேட் ஒயரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடு. எந்த முனை எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, பாதிப் பேருக்கு முதல் முறை ஊளைதான்.

மாற்றிய பிறகும் காதுக்குக் கேட்காத உயரத்தில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால், பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை ஏசியில் வைத்துப் பார், எதிர்பாராத வோல்ட்டேஜ் ஏதாவது காட்டினால் பீட்பேக்கைக் குறை. எல்லா மீட்டரும் அவ்வளவு உயரத்தில் சரியாகக் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்.

மிச்சமிருக்கும் ஹம்முக்கு: ஹீட்டர் சுற்றை எர்த்தோடு கட்டாமல், இரண்டு முனையிலிருந்தும் 100 ஓம் வீதம் எடுத்து, சேரும் இடத்தை ஒரு ஈஎல்84 கேத்தோடின் 9 வோல்ட்டில் கட்டு. ஹீட்டர் ஒயர் இரண்டையும் நன்றாக முறுக்கி சாசி மூலையோடு ஓட்டு.

ஜூலை 4

வேதாரண்யம் நண்பருக்கு: உப்புக் காற்றில் வால்வு கெடாது, சாக்கெட்தான் கெடும். பின்னில் பச்சை பிடித்திருந்தால் துடைத்துவிட்டு வால்வைச் சில முறை செருகி எடுங்கள். பீங்கான் சாக்கெட் போடுங்கள். பழைய காகிதக் கெப்பாசிட்டர் ஒன்றைக்கூட விடாதீர்கள், கப்ளிங்கில் அது லீக் ஆனால் ஈஎல்84 கிரிட் பாசிட்டிவ் ஆகி பிளேட் சிவந்துவிடும்.

ஜூலை 11

அல்ட்ராலீனியர் வேண்டாமா என்று ஒருவர். 1951-இல் அமெரிக்க இன்ஜினியர்கள் ஹாஃப்லரும் கெரோஸும் பிரபலப்படுத்திய ஏற்பாடு, அதற்கு முன்பே 1937-இல் பிரிட்டிஷ் இன்ஜினியர் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஒவ்வொரு ஈஎல்84-இன் ஸ்கிரீன் கிரிட்டையும் (வால்வின் இரண்டாவது கிரிட்) ஹெச்.டி.யில் கட்டாமல், அதன் பக்கப் பிரைமரிப் பாதியில் நடு முனைக்கும் பிளேட்டுக்கும் இடையே ஒரு முனையில் கட்டுவது. வாட் குறையும், டிஸ்டார்ஷனும் குறையும், ஸ்பீக்கரைக் கட்டுக்குள் வைக்கும். காயில் கையால் சுற்றுகிறவருக்கு இரண்டு ஒயர் கூடுதல், அவ்வளவுதான். 43 சதவீதம் என்றால் நடு முனையிலிருந்து 516-ஆவது சுற்றில் வெளியே எடுக்கவும். பிடிக்காவிட்டால் அந்த இரண்டு ஒயரையும் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஸ்கிரீனை ஆளுக்கு 100 ஓம் வழியாக ஹெச்.டி.யில் கட்டிக்கொள்ளலாம்.

தம்பி ஃபேன் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் கேட்கும் முன்பே சொல்லிவிடு, கம்பியை நடுவில் ஒட்டுப்போட்டு விற்கக்கூடாது என்று.